ஸ்கேனரின் வாக்கும் சென்சாரின் விதியும்

பழைய கார்களின் ஸ்டீயரிங் கோளாறுகளைப் பற்றிப் பினாங்கு மாநிலத்துத் தாசேக் கெலுகோர் வட்டாரத்துப் பட்டறைகளில் ஒரு சித்தாந்தம் பல வருஷங்களாக வேரூன்றி வருகிறது. டாஷ்போர்டில் விளக்கு எரிந்தால் ஸ்கேனரைச் செருக வேண்டியது. அது காட்டும் எண்ணுக்கு உரிய உறுப்பு எதுவோ அதைக் கழற்றி எறிய வேண்டியது. பழைய வண்டிகளின் உதிரிப் பொருள் விற்கும் ஆப் கட் கடையிலிருந்து அதே உறுப்பை வாங்கிவந்து பூட்ட வேண்டியது. இவ்வளவில் நோயறிதலும் சிகிச்சையும் ஒருங்கே முடிந்தன என்று கையைத் துடைத்துக்கொள்ள வேண்டியது. இதை வெறும் சோம்பல் என்று எண்ணியிருந்த வரையில் இதைப் பற்றி எழுத வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அண்மையில் ஒரு கல்யாண விருந்தில், பட்டறை வைத்து நன்றாக நடத்திவரும் இளைஞர் ஒருவர், "காது வெச்சுக் கேட்டு வேல செஞ்ச காலமெல்லாம் மலையேறிப் போச்சு சார். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. சென்சார்னு சொன்னா சென்சார்தான்" என்று முழங்க, மேஜையைச் சுற்றியிருந்த பெரியவர்கள் விஞ்ஞானமே வாய்திறந்து பேசிவிட்டதைப் போலத் தலையசைத்ததைக் கண்ட பிறகு, சோம்பலுக்கு ஒரு தத்துவமும் கிடைத்துவிட்டது என்று தெரிந்தது. தத்துவமாகிவிட்ட ஒன்றைத் திறனாய்வு செய்வதில் யாருக்கும் மனஸ்தாபம் இருக்க நியாயமில்லை.

ஸ்டீயரிங் சென்சார் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒன்றல்ல, இரண்டு. ஸ்டீயரிங் சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அளப்பது ஒன்று. அது 1995இல் பென்ஸ் கார்களோடு வந்த வழுக்கல் தடுப்பு அமைப்புக்கு உரியது, நம் பகுதியில் ஓடும் பதினைந்து வயதுச் சிறு கார்கள் பலவற்றில் அது கிடையாது. ஓட்டுநரின் கை எவ்வளவு விசையோடு திருப்புகிறது என்று அளக்கும் டார்க் சென்சார் மற்றொன்று. நம் விவகாரமெல்லாம் இதைப் பற்றியதே. 1988இல் சுசூக்கி செர்வோ என்ற குட்டி வண்டியோடு உலகுக்கு அறிமுகமான மின்சாரப் பவர் ஸ்டீயரிங், 2005இல் மைவி என்ற மலேசியச் சிறு கார் வந்தபின் நம் நாட்டுச் சாமானியக் குடும்பங்களின் வாசலிலும் வந்து நின்றது. எண்ணெயும் பம்பும் பெல்ட்டும் ஒழிந்த இடத்தில், ஸ்டீயரிங் தண்டுக்குள் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி குடியேறிற்று. கை திருப்பும்போது அது மயிரிழையளவு முறுக்கிக்கொள்ள, அந்த முறுக்கத்தைச் சென்சார் மின்னழுத்தமாக்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்க, பெட்டி மோட்டாரை அதற்கேற்ப உந்துகிறது. சென்சாரிலிருந்து புறப்படுவது ஒரு சமிக்ஞை அன்று, இரண்டு. ஒன்றுக்கு மற்றொன்று காவல். இரண்டும் முரண்பட்டாலோ, வரம்பைத் தாண்டினாலோ, பெட்டி உதவியை நிறுத்தி விளக்கை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. சக்கரம் கனத்துப் போகும். ஆனால் கைக்கும் டயருக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை.

ஸ்கேனருக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். கார்புரேட்டர் காலத்துப் போர்மேன்களின் கூரிய காது இந்த மின்சுற்றின் முன்னால் செவிடு. ஸ்டீயரிங் கனத்தாலே, டயர்களைத் திருப்பும் ரேக்கைக் கழற்றிப் பழகிய கைகள் எத்தனையோ நல்ல ரேக்குகளைப் பாழாக்கியிருக்கின்றன. வந்து வந்து மறையும் கோளாறு, வண்டி பட்டறை வாசலை மிதித்த கணத்தில் மறைந்துவிட்டாலும், பெட்டியின் ஞாபகத்தில் பதிந்த எண் மறைவதில்லை. சென்சார்கள் உண்மையாகவே கெடுவதும் உண்டு: 2014 மே மாதத்தில் ஃபோர்ட் நிறுவனம் 2008 முதல் 2011 வரையிலான எஸ்கேப், மரைனர் வண்டிகளை 9 லட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் வட அமெரிக்காவில் திரும்ப அழைத்தது டார்க் சென்சார் காரணமாகத்தான். இவ்வளவும் ஒப்புக்கொண்டாயிற்று.

ஆனால் அதே நிறுவனம் அதே அறிவிப்பில், 2011 முதல் 2013 வரையிலான எக்ஸ்புளோரர் வண்டிகள் ஏறக்குறைய 2 லட்சத்தையும் திரும்ப அழைத்தது. அங்கே குற்றவாளி, ஸ்டீயரிங் கியருக்குள் விட்டுவிட்டுத் தொடும் ஒரு மின் இணைப்பு. ஓட்டுநருக்கு இரண்டிலும் நேர்ந்தது ஒன்றே: போகிற போக்கில் சக்கரம் கல்லாகிவிட்டது. வெளிக்குறி ஒன்று, மூலம் இரண்டு. இந்தப் பேதத்தைக் காண்பதற்குத்தான் நோயறிதல் என்று பெயர். நம் பட்டறைச் சித்தாந்தம் துடைத்தெறிவதும் இதைத்தான்.

அறிவு வரும் வழிகளை நம் பழைய தர்க்க சாஸ்திரிகள் பிரத்தியட்சம், அநுமானம், சப்தம் முதலியவையாக வகுத்துவைத்தார்கள். கண்ணால் காண்பதும், கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பதும், நம்பத்தக்கவர் சொல்லைக் கேட்டு ஏற்பதும் தனித்தனி. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை உட்காரவைத்தால் வாதம் கெடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஸ்கேனர் காட்டும் எண் சப்தத்தைச் சேர்ந்தது. அதாவது, ஒரு சாட்சியின் வாக்குமூலம். அந்தச் சாட்சி எதைக் கண்டது? டொயோட்டா இனத்து வண்டிகளில் சி 1511 முதல் சி 1514 வரையுள்ள எண்கள் டார்க் சென்சார் கோளாறு என்று பெயரிடப்பட்டவை. ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டி சென்சாரை ஒரு நாளும் கண்டதில்லை. தன்னிடம் வந்து முடியும் கம்பியின் நுனியில் இருக்க வேண்டிய மின்னழுத்தம் இல்லை என்பது ஒன்றே அது நேரில் அறிந்தது. அந்தக் குறைக்குச் சென்சார் காரணமாகலாம், சென்சாருக்கும் பெட்டிக்கும் இடையே ஓடும் கம்பி காரணமாகலாம், பிளக்கின் உள்ளே விரிந்து தளர்ந்த ஒரு பித்தளை நாக்கு காரணமாகலாம், பெட்டியே காரணமாகலாம். தயாரிப்பாளரின் பழுதுபார்க்கும் ஏடுகள் இந்தச் சந்தேக ஸ்தானங்களை ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே எழுதி, எதை முதலில் அளந்து எதை விலக்க வேண்டும் என்ற கிரமத்தையும் தருகின்றன. நம் இளைஞரின் கண் சென்சார் என்ற சொல்லைக் கண்டதும் நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை என்பது வாஸ்தவம். அது சொல்லாததைச் சொன்னதாகச் சொல்பவர் இவரே.

கைப்பேசியோடு ஜோடி சேர்ந்து வேலை செய்யும் சொற்ப விலைக் கருவிகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அமெரிக்கா 1996 முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் விதித்த, கோளாறு அறியும் பொதுமுறை, புகை மாசைக் கருதி ஏற்பட்டது. ஆகவே அந்த முறையை மட்டும் அறிந்த கருவி எஞ்சினோடு பேசும், ஸ்டீயரிங் பெட்டியின் கதவை அநேகமாகத் தட்டவே தட்டாது. கேட்காத கேள்விக்கு அது கோளாறு இல்லை என்று பதில் காட்டுவதை நம்பி, ரேக்கையும் டயரையும் மாற்றியவர்கள் நம்மிடையே உண்டு. இதை ஸ்கேனரின் குற்றமாக நான் எண்ணவில்லை; வாங்குகிறவர் அறியாமை என்றே வைத்துக்கொள்வோம்.

அளப்பது அப்படியொன்றும் பகீரதப் பிரயத்தனம் அன்று. ஸ்டீயரிங் தண்டின் கீழுறையைக் கழற்றினால் சென்சாரின் பிளக் கண்ணுக்குத் தெரியும். அதை உருவாமலே, பின்புறமாகக் கம்பி நுழையும் துளைவழி மெல்லிய ஊசியைச் செருகி மீட்டரின் முனையை வைக்க வேண்டும். பெட்டியிலிருந்து சென்சாருக்கு வர வேண்டிய மின்னழுத்தம், பல வண்டிகளில் 5 வோல்ட், முழுமையாக வருகிறதா என்பது முதற் கேள்வி. சக்கரத்தைத் தொடாமலிருக்கும்போது சமிக்ஞைக் கம்பிகளில் பொதுவாக 2.5 வோல்ட் அளவில் நிற்கும். டயர் தரையில் பதிந்திருக்க, கையால் ஒரு பக்கமாக மெல்ல அழுத்தினால் எண் வழுக்கிக்கொண்டு நகரும். சில வண்டிகளில் இரண்டு கம்பிகளும் ஒரே திசையில் ஏறும், சிலவற்றில் ஒன்று ஏற மற்றொன்று இறங்கும். கையை எடுத்ததும் நடுவுக்கு மீள வேண்டும். மீளாமல் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டாலோ, நகரும்போது பாய்ந்து குதித்தாலோ, சென்சார்மேல் ஐயம் கொள்வது தர்மம். சீராக நகர்ந்து சீராக மீண்டால், ஒரு கையால் பிளக்கையும் கம்பிக் கற்றையையும் அசைத்துக்கொண்டு மறுபடி பார்க்க வேண்டும். பூமிக் கம்பியை நம்புவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நிற்கும் வண்டியில் சக்கரத்தைத் திருப்பும்போது மோட்டார் 40 ஆம்பியரைச் சர்வசாதாரணமாக இழுக்கும்; வழியில் ஒரு துருப்பிடித்த ஆணியில் 0.05 ஓம் தடை இருந்தால் அங்கேயே 2 வோல்ட் காணாமற்போய்விடும். அந்த 0.05 ஓமை, கம்பி அறுந்திருக்கிறதா என்று பீப் ஒலி எழுப்பிச் சோதிக்கும் சாதாரண மீட்டர் கண்டுகொள்ளாது. சுமை ஏறும்போது இரு முனைகளுக்கும் நடுவே எத்தனை வோல்ட் விழுகிறது என்று பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். அரை மணி நேர வேலை. இந்த அரை மணிதான் இப்போதைய வழக்கத்தில் அடியோடு காணாமற்போனது.

அது காணாமற்போவதால் நேர்வது என்ன என்பதற்கு என் அண்டை வீட்டுக்காரரின் கார் ஒரு திருஷ்டாந்தம். பிறைத் தொழிற்சாலை ஒன்றில் உழைத்து ஓய்வு பெற்றவர். 2008இல் பதிவான சிறு காரைப் பிள்ளையைப் போல் பார்த்துக்கொள்பவர். பேத்தியை ரயிலேற்றி விடுவதற்காக அதிகாலையில் வண்டியை எடுத்தால் சக்கரம் கனக்கும், விளக்கு எரியும். வெயில் ஏறிவிட்டால் ஒன்றும் தெரியாது. ஈரத்தோடு வந்து வெயிலோடு போகும் நோய் என்பதே பாதி விடை. ஆனால் அந்த விவரத்தை யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஸ்கேனர் டார்க் சென்சார் என்றது. சென்சார் தனியாகக் கிடைக்காது என்று சொல்லி, மோட்டாரோடு கூடிய முழுத் தண்டும் ஆப் கட்டிலிருந்து வாங்கிப் பூட்டப்பட்டது. வண்டி சரியாயிற்று. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மழைக்காலம் பிடித்ததும் அதே விளக்கு, அதே எண். "நீங்க வாங்குன சாமானும் ஆஸ் பட்டது அங்கிள், வேற போட்டுருவோம்" என்று வேறொரு தண்டு ஏறியது. அதுவும் சில வாரம் ஓடி அதே எண்ணைக் காட்டிற்று. முடிவில் கெப்பாளா பத்தாஸ் பக்கத்து வயரிங்காரர் ஒருவர், வயதானவர், தண்டைத் தொடாமல், வண்டியின் பக்கத்துப் பிளக்கை மட்டும் உருவி டார்ச் விளக்கில் காட்டினார். ஆறு துளைகளில் ஒன்றின் வாயில் பாசி படிந்தாற்போல் பச்சை. உள்ளே இருந்த நாக்கு, சின்ன ஊசியைக்கூடப் பிடிக்க மாட்டாமல் விரிந்து கிடந்தது.

மூன்று தண்டுகளுக்கும் பொதுவாய் நின்றது அந்தப் பிளக். இங்கேதான் என் நெடுநாளைய ஆட்சேபம் இருக்கிறது. தவறான உறுப்பை மாற்றிப் பணம் வீணாவது ஒரு குறை. ஆனால் அது சிறிய குறை. பெரிய குறை, இந்த முறை தன் தவறுக்குத் தானே நற்சான்று வழங்கிக்கொள்கிறது என்பது. தண்டை மாற்ற வேண்டுமானால் பாட்டரியைக் கழற்ற வேண்டும். பிளக்கை உருவ வேண்டும். புதியதில் மறுபடி அழுத்திச் செருக வேண்டும். உருவிச் செருகும் அந்த உராய்விலேயே பித்தளையின்மேல் படிந்த களிம்பு சுரண்டப்பட்டு மின்னோட்டம் மீள்கிறது. பழைய எண் அழிக்கப்படுகிறது. வண்டி பட்டறையைவிட்டுப் பூவாய்ப் போகிறது. மாற்றினோம், சரியாயிற்று, ஆகவே மாற்றியதுதான் பழுதுபட்டிருந்தது என்று போர்மேனும் நம்புகிறார், வண்டிக்காரரும் நம்புகிறார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் காகதாலீய நியாயம் என்று நம் பெரியோர் பெயரிட்டு எச்சரித்தார்கள். இங்கேயோ காக்கைக்குக் கூலியும் கொடுத்து, அடுத்த பழத்துக்கும் அதையே அழைக்கிறோம். பழைய உறுப்பை மறுபடி பூட்டிப் பார்த்து, கோளாறும் மறுபடி வருகிறதா என்று சோதித்திருந்தால் உண்மை புலப்பட்டிருக்கும். இருபது வருஷமாக நான் கேட்டுவருகிறேன். அப்படிச் செய்ததாகச் சொன்ன பட்டறை ஒன்றையும் நான் காணவில்லை.

கோளாறு திரும்பிவந்தபோது சொல்லப்பட்ட சமாதானத்தைச் சற்று ஊன்றிப் பாருங்கள். சரியானால் சென்சார் போயிருந்தது நிச்சயம். சரியாகாவிட்டால் புதிதாய்ப் போட்ட சென்சாரும் போயிருக்கிறது. எந்த விளைவு நேர்ந்தாலும் தோற்காத கொள்கை எதையும் அறிந்துகொள்வதில்லை. சோதிடனிடம் இந்தக் குணத்தைக் கண்டால் சிரிக்கிற நாம், அதே குணம் திரையும் பொத்தானும் கொண்ட ஒரு பெட்டியின் நிழலில் நின்று பேசினால் விஞ்ஞானம் என்று கும்பிடுகிறோம். கழற்றிய தண்டு என்னவாகிறது என்பதையும் கேட்க வேண்டும். பழைய இரும்பு வாங்குகிறவரின் லாரியில் ஏறிப் போகிறது. ஒன்றையாவது மேஜைமேல் வைத்து, 5 வோல்ட் கொடுத்து, உண்மையிலேயே கெட்டிருந்ததா என்று பார்த்தவர் உண்டா? இல்லை. பத்து வருஷம் ஸ்கேனர் பிடித்தவர், தம் தீர்ப்புகளில் எத்தனை சரி என்பதை அறியாமலே பத்தாம் வருஷத்திலும் முதல் நாள் மாணவராக இருக்கிறார். கேட்டு வேலை செய்த பழைய போர்மேன், தவறினாலும், கழற்றியதைப் பிளந்து பார்த்துத் தவறியது எங்கே என்று தெரிந்துகொள்ளவாவது செய்தார்.

ஆப் கட் பொருள்களை நான் இழிவுபடுத்த விரும்பவில்லை; அவை இல்லாவிட்டால் இந்த நாட்டுப் பழைய வண்டிகளில் பாதி கொட்டகையில் கிடக்கும். பழைய உதிரிப் பொருள்களின் இறக்குமதிக்கு 2011 ஜூன் முதல் தடை என்று அறிவித்த அரசாங்கமே அதைக் கைவிட்டதிலிருந்து அவற்றின் அவசியம் விளங்கும். ஆயினும் வேறொரு வண்டியில் பல்லாண்டு உழைத்து, கப்பலில் வந்து, கூரையில்லாத முற்றத்தில் மழை குடித்த ஒரு தண்டை, ஊர்ஜிதமாகாத சந்தேகத்தின் பேரில், ஒருவேளை நன்றாகவே இருந்த தண்டுக்குப் பதிலாகப் பூட்டுவது எந்த நியாயத்தில் சேரும்? பூட்டிய பிறகும் ஒரு கடமை மிஞ்சுகிறது. புதிய தண்டின் சென்சாருக்கு நடுநிலை எது என்று பெட்டிக்குக் கற்பிக்க வேண்டும். அது விட்டுப்போனதைச் சொல்வதற்கே சி 1515, சி 1516 என்ற எண்கள் இருக்கின்றன. அந்தக் கற்பித்தல் நடக்காத வண்டிகள் ஒரு பக்கமாக மெல்லச் சாய்ந்து இழுக்க, வண்டிக்காரர் டயர் கடைக்குப் போய் அலைன்மென்ட் செய்கிறார், திருப்தியில்லாமல் வேறு கடையில் மறுபடி செய்கிறார். பழி அலைன்மென்ட்காரன் தலையில்.

நம் வட்டாரத்தில் இணைப்புகளைச் சந்தேகிக்க விசேஷ காரணமும் இருக்கிறது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கையும் செபராங் பிறையையும் மூழ்கடித்த வெள்ளத்தில் இருக்கை வரை நீரில் நின்ற கார்கள் எத்தனையோ. கழுவி உலர்த்தி அவற்றில் பலவற்றை ஓட்டினோம், விற்றோம், வாங்கினோம். தரைவிரிப்பின் அடியில் ஓடும் கம்பிகளிலும் பூமி ஆணிகளிலும் புகுந்த நீர் தன் வேலையை அவசரப்படாமல் செய்யும். வயல்வெளியும் கால்வாயும் சூழ்ந்த ஊரில் வெள்ளம் கண்ட வண்டியா என்ற ஒரு கேள்வி, எந்த ஸ்கேனரும் கேட்காத கேள்வி, பல நூறு வெள்ளியை மிச்சப்படுத்தும்.

இதற்கெல்லாம் அந்த இளைஞரிடம் ஒரு பதில் இருந்தது, அதை மறைப்பது முறையன்று. "அரை மணி நேரம் மீட்டர் வெச்சுப் பாத்தேன்னு சொன்னா யாரு சார் காசு கொடுப்பா? சாமான் மாத்துனாத்தான் பில்லு போட முடியும்" என்றார். உண்மைதான். ஒன்பது வருஷம் தவணை கட்டி முடித்து, வண்டி முழுக்கத் தமக்கென்று ஆன பிறகே சென்சாரும் இணைப்பும் மூப்படையத் தொடங்குகின்றன. அந்த வயதில் கார்மேல் பணம் போட யாருக்கும் மனம் வராது. சொந்தக் கார்களுக்கு வருஷாந்திரப் பரிசோதனை இந்த நாட்டில் இல்லை. 15 வயதைக் கடந்தவற்றுக்காவது அதைக் கட்டாயமாக்கலாம் என்று 2009இல் அரசாங்கம் சொல்லிப் பார்த்து, ஜனங்களின் கூச்சலில் பின்வாங்கியது. ஆகவே பழைய காரின் ஸ்டீயரிங்குக்கும் பாலத்தின்மேல் அதை நம்பிப் போகும் குடும்பத்துக்கும் நடுவில் நிற்பது பட்டறைக்காரரின் சிரத்தை ஒன்றே. அந்தச் சிரத்தைக்குக் கூலி இல்லை என்பது வருத்தத்துக்குரிய நிலைமை. அந்த நிலைமையை விஞ்ஞானம் என்று பெயர் சூட்டிக் கொண்டாடுவது வேறு விஷயம். கூலி கிடைக்காததால் அளக்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு அவரோடு சண்டையே இல்லை.

வயரிங்காரர் அந்த நாக்கைச் சுரண்டி நெருக்கி, பச்சையேறிய கம்பி நுனியை வெட்டி வேறு முனை பொருத்தி, "இனிமே வராதுண்ணே, வந்தா காடிய இங்கயே கொண்டாங்க" என்று அறுபது வெள்ளி வாங்கினார். அதன் பின் இரண்டு மழைக்காலம் போய்விட்டது, விளக்கு எரியவில்லை. அண்டை வீட்டுக்காரர் இரண்டு தண்டுகளுக்கும் முணுமுணுக்காமல் பணம் எண்ணிக் கொடுத்தவர். கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் இந்த அறுபது வெள்ளியைப் பற்றித்தான் இன்னும் பேசுகிறார். "ஒரு சாமான்கூட மாத்தல சார், பிளக்கத் தொடச்சதுக்கு அறுபது வெள்ளி. ரெண்டாவதாப் போட்ட ஸ்டேரிங் நல்ல சாமான், அதனாலதான் இன்னைக்கும் காடி ஓடுது."